கத்தரிப்பூ நிற நூல்

முதல் பனி விழுவதற்குள்
கராஜில் கார் நிற்க வேண்டும் என்றான் தவுனோ.
நியாயம்தான்.
பன்னிரண்டு வருடமாகக் கார் வெளியே விறைக்கிறது,
கம்பளி நூல் உள்ளே சுகமாகத் தூங்குகிறது.

தண்டர் பேயில் எந்தக் கடை தள்ளுபடி போட்டாலும்
நான் அங்கே இருந்திருக்கிறேன்.
ஒன்பது கத்தரிக்கோல். மூன்று பசைத் துப்பாக்கி.
யார் யாருக்கோ பிறக்கவிருந்த பிள்ளைகளுக்கென்று
வாத்து அச்சிட்ட ஃபிளானல்,
அந்தப் பிள்ளைகள் இப்போது லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள்.
ஒரே ஒரு கை பின்னி முடித்த ஸ்வெட்டர்,
வலது கையா இடது கையா
அதற்கே மறந்துபோயிருக்கும்.
பிஸ்கட் டப்பா என்று திறந்தால் பொத்தான்.
பொத்தான் டப்பா என்று திறந்தால்
வேறு பொத்தான்.

மடக்கு மேசைகளில் எல்லாவற்றையும் பரப்பி
அட்டையில் எழுதினேன்: இலவசம்.
எழுதப் பேனா தேடவில்லை.
வண்ணப் பேனா மட்டும் நூற்றுப்பத்து.

கொடுத்துச் சிவந்த கை என்பார்கள்.
என் கை குளிரில் சிவந்தது.
கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும்
ஒரு தடவை தடவிப் பார்த்ததில்
கையுறை போட நேரமில்லை.

பெர்னடீன் வந்தாள்.
மணிகளை உள்ளங்கையில் கொட்டி
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.
"இது கண்ணாடி, பதினொன்றாம் நம்பர், எடுத்துக்கொள்கிறேன்.
இது பிளாஸ்டிக்.
மொக்கசினில் இதைத் தைத்தால் ஊசிக்கே வெட்கம்."
அழுகிய மீனை வைப்பதுபோல்
பிளாஸ்டிக்கைத் திருப்பி வைத்தாள்.

பனி அள்ளும் லாரிக்காரப் பையன்
உருளும் பொம்மைக் கண்கள் மொத்தத்தையும் கேட்டான்.
எதற்கப்பா என்றேன்.
பார்ப்பீர்கள் என்றான்.
ஜனவரியில் ஒருநாள், விடியற்காலை ஐந்து மணிக்கு,
முப்பது கண்ணோடு ஒரு லாரி
என்னை முறைத்துக்கொண்டே போயிற்று.

வாத்துகள் நாய் ஆஸ்பத்திரிக்குப் போயின.
சவ அடக்க நிலையத்து ரினால்டோ
வெள்ளை சாட்டின் நாடா மட்டும் போதும் என்றார்.
எத்தனை மீட்டர் என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் மிஞ்சியது கத்தரிப்பூ நிறம்.
பதினாறு கண்டு, அக்ரிலிக்,
எந்த மனித முகத்துக்கும் பொருந்தாத நிறம்.
டெல்ஃபீனாவின் கையில் திணிக்கப் பார்த்தேன்.
"ஈர்யா, இதை உனக்குக் கொடுத்ததே நான்."
"உனக்கு?"
"சர்ச் விற்பனையில்."
பைக்குள் கைவிட்டால் அடியில் ஒரு விலைச்சீட்டு.
மூன்று டாலர்.
என் கையெழுத்து.

ஊரைச் சுற்றிவிட்டுத்
தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது.

"நான் எடுத்துக்கவா?" என்றான் தவுனோ.
நாற்பது வருடத்தில் ஒரு முழ நூல் கேட்டதில்லை அவன்.
கேள்வி கேட்டால் மனசு மாறிவிடுவான் என்று
வாயை மூடிக்கொண்டேன்.

கார் இன்னும் வெளியேதான் நிற்கிறது.
காலியான இடத்தில்
அவனுடைய பனித் துளைப்பான், ஸ்லெட்,
நான்கு தூண்டில், உடைந்த இன்னொரு தூண்டில்.

பிப்ரவரியில் ஏரி கெட்டியானதும்
மீன்பிடிக் குடிலை இழுத்துக்கொண்டு போனான்.
மத்தியானம் சூப் ஃபிளாஸ்கோடு நான் போனபோது
காற்று கிளம்பிவிட்டது.
ஏரி இல்லை, வானம் இல்லை,
நீட்டிய கை இல்லை.
கரையோர பிர்ச் மரத்தில் மட்டும்
இடுப்பு உயரத்தில் ஒரு கோடு,
கத்தரிப்பூ நிறத்தில்,
வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

இழுக்கவில்லை, இழுத்தால் அறும்.
கையுறையைக் கழற்றி
பின்னும்போது பிடிப்பதுபோல்
ஆள்காட்டி விரல்மேல் ஓடவிட்டேன்.
ஒவ்வொரு கண்டு முடிந்த இடத்திலும்
ஒரு முடிச்சு விரலில் இடறியது.
ஒன்று. இரண்டு. ஏழு வரை எண்ணினேன்,
பிறகு குளிரில் எண் மறந்துவிட்டது.

குடிலின் கதவுக் கொக்கியில் கடைசி முடிச்சு.
நாற்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து
நான் பின்னுவதைப் பார்த்தவன் போட்டதா இது!
விறைத்த விரலால் அவிழ்த்து,
ஒழுங்காகப் போட்டுவிட்டு,
கதவைத் தட்டினேன்.